மூன்று சீட்டு, ஒரே ஊர்

கர்த்தருக்குள் அன்பான சபையாருக்கு,

ஒரே குளிர்காலத்தில் மூன்று முறை என் மகள் ஜெனி மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். முதல் இரண்டு முறையும் நான் ஜெபிக்கவில்லை. ஜெபிக்க வாய் திறந்தால் வேறு ஒரு விஷயத்தை முதலில் சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஆகவே வாசலில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நான் ஜெபிக்கிறேன் என்றே நினைத்திருப்பார்கள். அப்படி நிற்பதில் எனக்குப் பழக்கம் உண்டு.

நம் சபையின் மாத இதழில் இரண்டு வருடத்துக்கு முன்பு நான் எழுதிய சாட்சி உங்களில் பலருக்கு நினைவிருக்கும். நாங்கள் நியூசிலாந்துக்குப் புறப்படும்முன் எந்த ஊரில் போய்க் குடியிருப்பது என்று தெரியாமல் தவித்தோம், சீட்டு போட்டு ஜெபித்தோம், ஆண்டவர் ஊரைக் காட்டினார் என்று எழுதியிருந்தேன். அனுப்பிவைக்கும் ஆராதனையிலும் அதை வாசித்தேன். நடுவில் இரண்டு இடத்தில் சிரிக்க வைத்து, கடைசியில் அழ வைத்தேன். வெளியே வரும்போது கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

அந்தச் சாட்சி பொய். இப்போது எழுதுவது உண்மை. முந்தையதைப் போல அவ்வளவு நன்றாக இருக்காது.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. மார்த்தாண்டத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருடம் தமிழ் வாத்தியார். வீடு தக்கலையில். கல்யாண வீடுகளில் மைக்கைக் கொடுத்தால் திருப்பித் தராதவன் என்று பெயர். என் மனைவி ஷீபா நர்ஸ். கல்யாணமான புதிதில் சவூதிக்குப் போனாள். பிரசவத்துக்கு வந்தாள், பிள்ளைக்குப் பால் மறந்ததும் மறுபடி போனாள். அப்படி மொத்தம் ஒன்பது வருடம். வருடத்துக்கு ஒரு மாதம் வருவாள். மற்ற பதினொரு மாதமும் நான் மனைவியைப் பிரிந்திருக்கும் துயரத்தை வேடிக்கையாகப் பேசி ஊரைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன்.

அவள்தான் பரீட்சை எழுதி, நேர்முகத்தில் பேசி, குடும்பத்தோடு போகிற மாதிரி நியூசிலாந்து வேலை வாங்கினாள். மூன்று ஊர் ஆஸ்பத்திரிகள் அவளைக் கூப்பிட்டன. திங்கட்கிழமைக்குள் ஒன்றைச் சொல்ல வேண்டும் என்றார் ஏஜென்ட். ஊர்களின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் அங்கிருந்து போன் வரும். ஒன்று பெரிய ஊர். ஒன்று கடல் ஊர். இன்னொன்றில் மனிதர்களைவிட ஆடுகள் அதிகம் என்பதால் அதை ஆட்டு ஊர் என்றே எங்கள் வீட்டில் சொன்னோம்.

பெரிய ஊரில் என்னோடு படித்த செல்வன் இருந்தான். தினமும் போன் செய்வான்.

"மக்கா, யோசிக்காத. இஞ்ச நம்ம ஆளுவ இருவது வீடு உண்டு. மரச்சீனிக் கெழங்கு கெடைக்கும், சாளை மீனு கெடைக்கும், ஞாயித்துக்கெழம தமிழ்ல ஆராதனை உண்டு. நீ வந்தியானா நாலு வார்த்த பேசவும் ஆளாச்சு. பின்ன என்ன வேணும் ஒனக்கு?"

பின்னே ஒன்றும் வேண்டாம் என்றுதான் எனக்கும் தோன்றியது. ஷீபாவுக்குத் தோன்றவில்லை.

"சாளை தின்னவா அவ்வளவு தூரம் போறோம்? ஜெனிக்கு மழ வந்தா மூச்சு இழுப்பு வருது. அவளுக்கு வெயிலும் காத்தும் உள்ள எடம் வேணும். கடல் ஊருல ஆஸ்பத்திரிக்காரங்களே மேட்டுல வீடு தாறாங்க. நல்ல வெயிலடிக்கிற வீடாம். நான் கேட்டுட்டேன்."

"அங்க தமிழ் பேச ஆளு உண்டா?"

"நான் இருக்கேன்லா?"

இதற்கு ஒரு புருஷன் வாய்விட்டுச் சொல்லக்கூடிய பதில் என்னிடம் இல்லை. ஆகவே, "ஜெபிச்சுட்டு தீர்மானிப்போம்" என்றேன். விவாதத்தில் தோற்கப்போகிற விசுவாசி சொல்கிற வார்த்தை அது.

சீட்டு போடுவது நம் வீடுகளில் புதிதல்ல. பெண் பார்க்கும்போதும் நிலம் வாங்கும்போதும் போட்டிருக்கிறோம். பெயர்களை எழுதி, சுருட்டி, ஒரு பாத்திரத்தில் போட்டு, ஜெபித்து, குழந்தையின் கையால் ஒன்றை எடுக்க வேண்டும். எடுக்காத சீட்டுகளைப் பிரித்துப் பார்க்காமல் அடுப்பில் போட வேண்டும். மற்றதில் என்ன இருந்தது என்று பார்ப்பது ஆண்டவரைச் சந்தேகப்படுவது.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் போதகர் வந்தார். சீட்டு எழுதுகிற வேலை வாத்தியாருக்கு. மேஜையில் உட்கார்ந்து முதல் சீட்டில் பெரிய ஊரின் பெயரை எழுதினேன். இரண்டாவது சீட்டை எடுத்தபோது கை தானாகவே மறுபடியும் அதையே எழுதியது என்று சொன்னால் அழகாக இருக்கும். இல்லை. யோசித்துத்தான் எழுதினேன். மூன்றாவதிலும் எழுதினேன். எழுத்துப்பிழை இருக்கிறதா என்றுகூடப் பார்த்தேன்.

போதகர் நீளமாக ஜெபித்தார். ஜெனிக்கு அப்போது எட்டு வயது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கிண்ணத்துக்குள் கையை விட்டாள். எடுத்த சீட்டைப் போதகர் பிரித்து வாசித்தார். நான் "ஸ்தோத்திரம்" என்றேன். குரல் நடுங்கியது. பக்தியில் நடுங்கியதாகப் போதகர் எடுத்துக்கொண்டார். ஷீபா கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள்.

இரண்டு வாரம் கழித்து நான் ஆலயத்தில் சாட்சி சொன்னபோது, முன்வரிசையில் அவள் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். ஆவியில் நிறைந்து அழுகிறாள் என்றார்கள்.

ஜனவரியில் போய் இறங்கினோம். அங்கே அது கோடை; மே, ஜூன், ஜூலைதான் குளிர்காலம். செல்வன் தன் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி எங்களுக்கு வீடு பார்த்து வைத்திருந்தான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். அவன் வீடும் அப்படித்தான் இருந்தது. வடக்கே குன்று. அந்த நாட்டில் வெயில் வடக்கிலிருந்துதான் வரும் என்பது எனக்குத் தெரியாது. கோடையில் குளிர்ச்சியாக இருக்கிறது என்று மெச்சினேன். ஏப்ரலில் மழை பிடித்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் துணி காயவில்லை. மே மாதம் ஜெனியின் கட்டில் பக்கத்துச் சுவர் கறுத்துப் புள்ளி புள்ளியாகப் பூத்தது. துடைத்தால் ஒரு வாரத்தில் மறுபடி பூக்கும்.

"இது பூப்பல். பிள்ள இதத்தான் உள்ள இழுக்கா" என்றாள் ஷீபா.

"எல்லா வீட்லயும் இருக்காம். செல்வன் சொன்னான்."

"செல்வனுக்க பிள்ளைக்கி இழுப்பு இல்ல."

எந்த மனிதர்களுக்காக அங்கே போனேனோ அவர்கள் கதையையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் போன மூன்றாம் மாதம், ஆராதனை காலையிலா மதியத்துக்கு மேலா என்று ஆரம்பித்து டிரம்ஸ் வேண்டுமா வேண்டாமா என்று முற்றி, இருபது வீடும் இரண்டாகப் பிரிந்தது. நம் ஊரிலிருந்து மரச்சீனியோடு சேர்ந்து அதுவும் போயிருந்தது. புதிதாக வந்த தமிழ் வாத்தியார் என்பதால் ஒரு தரப்பு என்னைக் கண்டனக் கடிதம் எழுதித் தரச் சொன்னது. எழுதினேன். அதற்குப் பதில் எழுதித் தர மற்ற தரப்பும் என்னிடமே வந்தது. அதையும் எழுதினேன். இரண்டு கடிதத்திலும் நடை ஒன்று என்பதை யாரோ கண்டுபிடித்தார்கள். அதன்பிறகு இரண்டு தரப்பும் என்னோடு பேசவில்லை. செல்வன் மட்டும் ஒருநாள் கடை வாசலில் பார்த்து, "நீ ஒரு தமாசு மனுசன்னு நெனச்சேம்லே" என்று சொல்லிவிட்டுப் போனான்.

பேச ஆள் வேண்டும் என்று போன இடத்தில் பேச ஆள் இல்லாமல் போனது. அது எனக்குக் கிடைத்த கூலி. ஆனால் கூலியின் பெரிய பங்கு எட்டு வயதில் கண்ணை மூடிக்கொண்டு கிண்ணத்தில் கைவிட்ட பிள்ளைக்குப் போனது. அதைத்தான் என்னால் இன்றுவரை வேடிக்கையாகச் சொல்ல முடியவில்லை.

மே மாதம் ஒரு முறை, ஜூனில் ஒரு முறை. மூன்றாவது முறை ஜூலையில், ஒரு சனிக்கிழமை காலை. விலா எலும்புக்கு நடுவே தோல் உள்ளே போய்ப் போய் வந்தது. உதடு நீலம் பூத்தது. ஷீபா பதறவில்லை. நர்ஸ் என்பதால் அல்ல, பதறுகிற கட்டம் தாண்டிவிட்டது என்று அவளுக்குத் தெரிந்ததால். ஆம்புலன்ஸில் அவள் ஏறினாள். நான் பின்னால் பஸ்ஸில் போனேன். வழி முழுக்க ஒரு வார்த்தை ஜெபம் வரவில்லை.

மத்தியானத்துக்குள் மூச்சு கொஞ்சம் அடங்கியது. டாக்டர் அம்மா ஒருத்தி வந்து, "உங்கள் வீடு காய்ந்த வீடா?" என்று கேட்டாள். நான் ஜெனியின் போர்வையை இழுத்துவிட்டேன். ஷீபா சொன்னாள். டாக்டர் எழுதிக்கொண்டு, இனி அந்த வீட்டில் இந்தப் பிள்ளை இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஜெனி முகமூடியைக் கொஞ்சம் விலக்கினாள். என்னைத்தான் பார்த்தாள்.

"அப்பா, நான் அன்னைக்கு மேல இருந்த சீட்ட எடுத்திட்டேன். அடியில உள்ளத எடுத்திருந்தா கடல் ஊரு வந்திருக்கும். நான்தான் தப்பா எடுத்திட்டேன்."

எட்டு மாதமாக அவள் இதைச் சுமந்திருக்கிறாள். மூச்சு முட்டும்போதெல்லாம் இதை நினைத்திருக்கிறாள். கறுத்த சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, தன் கை செய்த தப்பு என்று நினைத்திருக்கிறாள்.

"இல்ல மக்களே. அடியில உள்ளதுலயும் இந்த ஊருதான். மூணுலயும் இந்த ஊருதான். அப்பா அப்படி எழுதினேன்."

ஜெனி மூன்று விரலை எண்ணிப் பார்த்தாள்.

"அப்போ ஆண்டவருக்கு சாய்ஸே இல்லியா?"

இருபத்திரண்டு வருடம் பிள்ளைகளைக் கேள்வி கேட்டவன் நான். இந்தக் கேள்வி ஒரு பாடத்திலும் வரவில்லை. ஜெனி முகமூடியை மறுபடி மாட்டிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

ஷீபா எழுந்து வராந்தாவுக்குப் போனாள். நான் பின்னால் போனேன். சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள். "அடுப்புல போடதுக்கு முந்தி ரெண்டையும் பிரிச்சுப் பாத்தேன்."

"பின்ன ஏன் ஒண்ணும் சொல்லல?"

"ஒரு மனுசன் ஆண்டவருக்க முன்னால களவு காட்டுத அளவுக்குப் பயந்து போயிருக்காரேன்னு நெனச்சேன். இரக்கப்பட்டுட்டேன். பேச்சுத்தான் ஒங்களுக்கு எல்லாம். ஆளில்லாத ஊருல கொண்டு போட்டா செத்துப் போவாருன்னு பயந்தேன்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் முடிக்கவில்லை.

"ஒம்பது வருசம் நான் சவூதில இருந்தேனே, அங்க எனக்குப் பேச யாரு இருந்தா? எனக்க ஊர தீர்மானிக்க யாரு சீட்டு போட்டா? பிள்ளைக்கிப் பால் மறந்த அன்னைக்கி டிக்கெட்ட கையில தந்தீங்க. ஜெபிச்சீங்களா அன்னைக்கி?"

வராந்தாவில் ஒரு வயதான வெள்ளைக்காரர் எங்களைத் தாண்டிப் போனார். இருவரும் அவருக்காகப் புன்னகைத்தோம். அவர் போனதும் அவள் சொன்னாள்.

"ஆலயத்துல முக்காடு போட்டு மூடினேனே, அது ஆவியில்ல. வெக்கம். ஆனா மிண்டாம இருந்தது எனக்க தப்பு. பிள்ளைக்க நெஞ்சுல ரெண்டு பேருமாட்டு ஏறி இருக்கோம்."

வாயைத் திறக்காமல் இருந்தது தன் தப்பு என்கிறாள். வாயைத் திறந்து திறந்தே தப்பு செய்தவன் பக்கத்தில் நின்றுகொண்டு.

அவள் உள்ளே போன பிறகு அங்கே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்து ஜெபித்தேன். "ஆண்டவரே, நான் பயந்தேன். பயத்தைச் சொல்லாமல் உம் பேரைச் சொன்னேன். பிள்ளை மேல் பழி போய்விட்டது. அவளுக்கு ஒரு காய்ந்த வீடு கொடும். எனக்கு ஒன்றும் வேண்டாம்." அவ்வளவுதான். நான் செய்த ஜெபங்களிலேயே நடை மோசமானது அதுதான். ஆமென் சொல்லக்கூட மறந்துவிட்டேன்.

திங்கட்கிழமை ஷீபா கடல் ஊர் ஆஸ்பத்திரிக்கு எழுதினாள். அந்த இடத்துக்கு எப்போதோ ஆள் எடுத்தாகிவிட்டது என்று மறுநாளே பதில் வந்தது. இதுதான் பதில், எனக்கு இது வேண்டியதுதான் என்று ஏற்றுக்கொள்ளப் பார்த்தேன். ஷீபா ஏற்றுக்கொள்ளவில்லை. அந்த ஊரில் எங்கள் கைக்கு எட்டுகிற காய்ந்த வீடு கிடைக்கவில்லை என்பதால், ஜெனியின் கட்டிலைச் சுவரிலிருந்து இழுத்து அறையின் நடுவில் போட்டாள். தினமும் அந்தக் கட்டிலைச் சுற்றி நின்று மூன்று பேரும் ஜெபித்தோம். நான் சுருக்கமாக ஜெபிக்கப் பழகியது அந்த நாட்களில்தான்.

நாலாவது வாரம் ஷீபாவுக்குப் போன் வந்தது. அந்த இடத்தில் சேர்ந்திருந்த நர்ஸ் வேலையை விட்டுவிட்டாள், நீ வருகிறாயா என்று கேட்டார்கள். அந்த நர்ஸ் பிலிப்பைன்ஸ்காரி. அவள் பாஷை பேச ஒரு ஆள் இல்லாத ஊரில் இருக்க முடியவில்லை என்று, தன் ஜனங்கள் இருக்கிற பெரிய ஊர் ஒன்றுக்குப் போகிறாளாம்.

சகோதரர்களே, இந்த இடத்தில் நான் நின்றுவிட்டேன். நாங்கள் கட்டிலைச் சுற்றி நின்ற அதே நாட்களில் அவளும் எங்கேயோ முழங்காலில் நின்றிருப்பாள். என்னை இங்கிருந்து எடுத்துவிடும் என்று கேட்டிருப்பாள். என் பயமும் அவள் பயமும் ஒன்று. அவள் அதை மறைக்காமல் மேலதிகாரியிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். அவளுக்கு ஆள் கிடைத்தது, எங்களுக்குக் காற்று கிடைத்தது. அவள் பெயர் எனக்குத் தெரியாது. பெயர் தெரியாமலே இன்றுவரை அவளுக்காக ஜெபிக்கிறேன்.

போவதா வேண்டாமா என்று பேசவே அவசியம் இருக்கவில்லை. ஆனால் ஜெனி விடவில்லை.

"சீட்டு போடணும். இந்தத் தடவ சரியா போடணும்."

சனிக்கிழமை மத்தியானம் உட்கார்ந்தோம். 'போகலாம்' என்று ஒன்று, 'வேண்டாம்' என்று ஒன்று எழுதிச் சுருட்டிக் கிண்ணத்தில் போட்டேன். ஜெனி கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தாள். இரண்டு சீட்டையும் எடுத்துப் பிரித்தாள். முதலில் ஒன்றை வாசித்தாள், பிறகு மற்றதை. தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள். "ரெண்டும் வேற வேறதான்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு மறுபடி சுருட்டிப் போட்டாள். என் பாடக்குறிப்பேட்டைத் தணிக்கை செய்ய எத்தனையோ அதிகாரிகள் பள்ளிக்கூடத்துக்கு வந்திருக்கிறார்கள். ஒருவரும் இப்படிப் பார்த்ததில்லை.

ஷீபா கிண்ணத்தின் மேல் கையை வைத்து மூடினாள்.

"சீட்டு வேண்டாம். அவங்கவங்களுக்கு என்ன பயமோ அதச் சொல்லி ஜெபிப்போம்."

தனக்குப் புது வேலை நிலைக்காமல் போய்விடுமோ என்று பயம் என்று ஷீபா ஜெபித்தாள். யாரும் என் பேச்சைக் கேட்காத ஊரில் நான் யார் என்று எனக்கே தெரியாமல் போய்விடுமோ என்று பயம் என்று நான் ஜெபித்தேன். சொல்லும்போது கேவலமாக இருந்தது, சொன்னபின் லேசாக இருந்தது. கடைசியில் ஜெனி.

"ஆண்டவரே, அங்க போயும் எனக்கு மூச்சு முட்டினா, அது எனக்க தப்பு இல்லன்னு அப்பா இப்பமே சொல்லணும்."

ஜெபத்தின் நடுவில் நான் கண்ணைத் திறந்து சொன்னேன். "ஒனக்க தப்பு இல்ல மக்களே." அவள் கண்ணைத் திறக்காமலே "ஆமென்" என்றாள்.

செப்டம்பரில் கடல் ஊருக்கு வந்தோம். ஒரு வருடம் ஆகிறது. மேட்டில் வீடு. காலையிலிருந்து சாயந்திரம்வரை வெயில். காற்று அடிக்கிற அடியில் கொடியில் துணி ஒருமணி நேரத்தில் காய்ந்துவிடும், ஓடிப் பிடிக்காவிட்டால் காணாமலும் போய்விடும். இந்தக் குளிர்காலத்தில் ஜெனி ஒரு தடவைகூட ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. இழுப்பு அடியோடு போய்விட்டது என்று எழுத ஆசைதான். இன்னொரு பொய்ச் சாட்சி வேண்டாம். குளிர் கூடினால் மருந்து இழுக்கிறாள். பள்ளிக்கூடத்தில் ஓடுகிறாள். ஸ்தோத்திரம்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் எனக்கும் வேலை கிடைத்தது. வகுப்பறைகளைச் சுத்தம் செய்கிறேன். இருபத்திரண்டு வருடம் பலகையில் எழுதினவன், மற்றவர்கள் எழுதினதைத் துடைக்கிறேன். தமிழில் பேச ஷீபா இருக்கிறாள். ஆனால் திரைச்சீலை என்ன நிறம் என்று கேட்டால்கூட, "சீட்டு போடுவோமா?" என்கிறாள். சிரித்துக்கொண்டே சொல்கிறாள் என்று எழுதலாம். சில நாள் சிரிக்கிறாள்.

இதை இப்போது எழுதக் காரணம், போன மாதம் நம் சபைத் தம்பி ஒருவர் போன் செய்தார். அவர் மனைவியும் நர்ஸ்தான்.

"சாரே, உங்க சாட்சிய நம்ம சபை குரூப்புல மறுபடியும் போட்டிருந்தாவ. அத வாசிச்சுட்டு நாங்களும் நாலு ஊரு எழுதி வச்சிருக்கோம். வெள்ளிக்கெழம சீட்டு போடுதோம். சாரு ஜெபிக்கணும்."

"தம்பி, நாலு சீட்டுலயும் வேற வேற ஊருதானே எழுதியிருக்க?"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "சாருக்கு எப்பவும் தமாசுதான்."

அந்தச் சிரிப்பு காதில் நிற்கிறது. என் பொய்யை நம்பி ஒரு குடும்பம் புறப்படுகிறது. அன்றே அவருக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இந்தச் சாட்சியைப் போட அதே இதழில் அதே இடத்தைக் கேட்டிருக்கிறேன். போதகர் கொடுப்பார் என்று நம்புகிறேன்.

நான் கண்டுகொண்டது இதுதான். எங்கே போய்க் குடியிருப்பது என்று நான் அவரிடம் கேட்கவே இல்லை. கேட்காத ஜெபத்துக்குப் பதில் வந்ததாக ஊருக்குச் சொன்னேன். கடைசியில் பயமாயிருக்கிறது என்று சொன்ன அன்று, அவர் எங்களைத் தள்ளவில்லை. நாலு வாரம் காக்க வைத்தார், அது நியாயம். பிறகு கதவைத் திறந்தார். உங்களில் யாராவது பெட்டி கட்டிக்கொண்டு, எந்த ஊர் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தால், ஊர்ப் பெயர்களை எழுதுவதற்கு முன்னால் உங்கள் பயத்தை அவரிடம் சொல்லிப் பாருங்கள். அவர் கேட்கிறார். கேட்டுக்கொண்டு சிரிக்காமலும் இருக்கிறார்.

இல்லை, சீட்டு போட்டே தீருவோம் என்றால், போடுங்கள். மடிப்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் எடுக்கப்போகிற பிள்ளைக்குப் பிரித்துக் காட்டிவிடுங்கள். பின்பக்கத்தையும்.